புதன்கிழமைக் குப்பை

ஒன்பதாம் நாள் இரவு கோதை கேட்டாள்:
"கொடி எங்கே?"

பால் புட்டியின் வாயை
வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தேன்.
துணி உலர்த்தும் கொடி என்று நினைத்து
அது ஏது இங்கே, மெஷின்தானே என்றேன்.

அவள் குழந்தையின் சட்டையை ஏற்றிக் காட்டினாள்.
காலையில் உலர்ந்த திராட்சை மாதிரி
ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில்
சிவப்பாய், கொஞ்சம் ஈரமாய்
ஒரு தொப்புள்.
அப்போதுதான் முதலில் பார்க்கிறோம் அதை.
உள்ளிருந்து யாரோ
கதவைச் சாத்திக்கொண்டதுபோல் இருந்தது.

மரிசெல் சொல்லியிருந்தாள்,
வீட்டுக்கு வந்து எடை பார்க்கிற நர்ஸ்:
இழுக்க வேண்டாம், தானாக விழும்,
விழுந்தால் குப்பையில் போட்டுவிடுங்கள்.
எழுதியும் வைத்தேன்,
ஈரம் எத்தனை, மஞ்சள் எத்தனை,
இடப்பக்கம் பன்னிரண்டு நிமிடம்,
வலப்பக்கம் தூங்கிவிட்டாள்
என்று கோடு போட்டு எழுதும் அதே நோட்டில்.

"டயப்பரோட சுருட்டிப் போட்டுட்டியா?"
குரலில் கோபம் இல்லை.
தையல் வலிக்காமல்
ஒருக்களித்து மெதுவாக உட்கார்ந்தாள்.
கத்தியிருந்தால் தேவலை.

தொப்புள்கொடி உறவு என்று
எத்தனை மேடையில் கேட்டிருக்கிறேன்.
கைதட்டியும் இருக்கிறேன்.
அது சுண்டுவிரல் நகம் அளவுதான்,
லேசாக நாறும் என்று
ஒரு பேச்சாளரும் சொன்னதில்லை.

வின்னிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
ஏழு மணிக்குக் குப்பை வண்டி.
லுங்கிக்கு மேல் பனிக்கோட்டு,
வெறுங்காலில் பூட்ஸ்,
பல்லில் கவ்விய கைபேசி விளக்கு.
கராஜ் கதவைப் பாதி தூக்கிவிட்டு
பையைக் கவிழ்த்தேன்.
ஐம்பதுக்கும் மேல்.
உறைந்து உருண்டைகளாய்
ஒன்றோடொன்று மோதிக் கூழாங்கல் சத்தம் போட்டன.
எது எந்த நாள் என்று குளிருக்குத் தெரியாது.
எல்லாவற்றையும் பிரித்தேன்.

கடுகு கடுகாய் மஞ்சள்: இது நேற்று.
மஞ்சளில் பச்சை: சனியாக இருக்கும்.
பாசிப் பச்சை.
அப்புறம் தார்,
ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ராத்திரி,
துடைக்கத் துடைக்க வராமல்
ரெண்டு பேரும் சிரித்துச் சிரித்து
அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு
ஐயோ சிரிக்க வைக்காதே என்று அழுதாளே,
அது.

கொடி இல்லை.

பனி தள்ளும் வண்டி தெருவில் ஊர்ந்தது.
ஓட்டுகிறவர் என்னைப் பார்த்துக் கை தூக்கினார்.
நானும் தூக்கினேன்,
கையில் இருந்ததோடு.

உள்ளே வந்தபோது விரல்கள் என்னுடையவை அல்ல.
"கையைக் கழுவிச் சூடு பண்ணிக்கிட்டு
இவளை வாங்கு" என்றாள் கோதை.
கோட்டைக் கழற்றினேன்.
ஏப்பம் விடவைக்கச் சாயங்காலம் போட்ட துண்டு
தோளிலேயே கிடந்தது.
காய்ந்த பாலில் ஒட்டிக்கொண்டு
அதன் மடிப்பில்
கறுப்பாய், இத்தனூண்டு.

குளிருக்கு வெளியே போய்
என்னோடுதான் திரும்பி வந்திருக்கிறது.

கோதை ரொம்ப நேரம் பேசவில்லை.
பிறகு வெறும் தெர்மாமீட்டர் டப்பாவில் அதைப் போட்டாள்.
புதைக்கலாமா என்றேன்.
மே மாதம்வரை மண் கல்தான் என்றாள்.
என்ன செய்வது என்று இருவருக்குமே தெரியாது.
குழந்தைக்கு விக்கல்.

நோட்டில் எழுதினேன்:
4.55. கொடி கிடைத்தது.

வியாழக்கிழமை மரிசெல் வந்தாள்.
எடை கூடியிருக்கிறது, சபாஷ் என்றாள்.
கோடுகளை எண்ணிக்கொண்டே வந்த விரல்
ஒரு தமிழ் வரியில் நின்றது.
இது என்ன?

ஈரம் என்றேன்.

தலையாட்டிவிட்டு
கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொண்டாள்.